200 புள்ளிகள், ஒரு வாசல், அம்மாவின் கை!

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். 15 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஓர் அறை. உள்ளே 200 பேர். வெளியேற ஒரே ஒரு வாசல், அதன் அகலம் 1 மீட்டர். எல்லோரும் சீக்கிரம் வெளியே வர வேண்டுமென்றால் நிதானமாக நடக்க வேண்டுமா, அவசரமாக முன்னேற வேண்டுமா?

ஆபீஸில் பக்கத்து சீட் தோழியிடம் கேட்டேன். "இதெல்லாம் ஒரு கேள்வியா? வேகமா போனாத்தான் சீக்கிரம் போக முடியும்" என்றாள். நீங்களும் அதையே நினைத்திருக்கலாம். ஆனால், என் லேப்டாப்பில் ஓடும் ஒரு குட்டி ப்ரோகிராம் வேறு பதில் சொல்கிறது. ஓர் அளவுவரை வேகம் உதவுகிறது. அதைத் தாண்டி அவசரப்பட்டால் எல்லோருக்கும் தாமதமாகிறது.

நான் இன்ஜினீயர் இல்லை. ப்ளஸ் டூ-வில் காமர்ஸ் குரூப், அப்புறம் இதழியல் டிப்ளமோ. வேலை, டிஜிட்டல் டெஸ்க்கில் செய்திகளை எழுதி அப்லோடு செய்வது. இப்படிப்பட்ட ஒருத்தி ஏன் சிமுலேஷன் ப்ரோகிராம் எழுத உட்கார்ந்தாள் என்றால், அதற்குக் காரணம் அம்மா.

டி.வி-யை அணைத்த அம்மா

2025 செப்டம்பர் 27. கரூர் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போன சம்பவம் நடந்த இரவு. அதன் காரணங்களைப் பேசும் கட்டுரை அல்ல இது. அன்று டெஸ்க்கில் ராத்திரி முழுக்க வேலை. விடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். டி.வி அணைக்கப்பட்டிருந்தது. "பார்க்க முடியலடி" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத ஒரு கதை உண்டு. அம்மாவுக்கு 14 வயது, சித்திக்கு 9 வயது இருக்கும்போது, சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. "தங்கச்சி கையை விட்ராத" என்று சொல்லி அம்மாச்சி இருவரையும் அனுப்பிவைத்தார். சாமி புறப்பாடு முடிந்து கூட்டம் ஒரு குறுகலான வழியில் வெளியேறியபோது நெரிசல். சித்தி கீழே விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தார். ஆனால், வலது கால் சரியாகக் கூடவில்லை. இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்.

அம்மாச்சி சாகும்வரை ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "பெரியவ கையை விட்டுட்டா." கோபமாகச் சொல்ல மாட்டார். ஏதோ மழை பெய்தது என்பதுபோலச் சொல்வார். அம்மா அதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அதன் பிறகு அம்மா எந்தத் திருவிழாவுக்கும் போனதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பஸ் ஸ்டாண்டில்கூட என் மணிக்கட்டை வலிக்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்வார்.

அந்தக் காலையில் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில் 14 வயதுப் பெண்ணால் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா?

புள்ளிகளுக்கு உயிர் கொடுப்பது எப்படி?

தேடிப் படித்தபோது இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வழிகாட்டின. 1995-ல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் என்ற இருவர், நடந்துபோகும் மனிதர்களைத் துகள்களாக நினைத்துக் கணக்குப் போட்டார்கள். ஹெல்பிங், இல்லேஸ் ஃபர்காஸ், தமாஸ் விச்செக் மூவரும் 2000-ல் 'நேச்சர்' இதழில், நான் மேலே சொன்ன அறை, வாசல் கணக்கை விரிவாக எழுதினார்கள். அவர்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்து யார் வேண்டுமானாலும் அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம்.

இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். என்னிடம் இருப்பது டிப்ளமோ படிக்கும்போது வாங்கிய பழைய லேப்டாப். பைத்தான் மொழி இலவசம். திரையில் வட்டம் வரைய 'பைகேம்', கணக்கை வேகமாகப் போட 'நம்பை' என்ற இரண்டு தொகுப்புகளும் இலவசம்.

ப்ரோகிராமின் உள்ளே நடப்பதை எளிமையாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மனிதரும் ஒரு வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் நான்கு எண்கள் உண்டு. இடமிருந்து வலமாக எங்கே இருக்கிறது, மேலிருந்து கீழாக எங்கே இருக்கிறது, இந்த இரு திசைகளிலும் எவ்வளவு வேகத்தில் போகிறது. அவ்வளவுதான்.

அந்த வட்டத்தை மூன்று விசைகள் நகர்த்துகின்றன. முதலாவது ஆசை. 'வாசலுக்குப் போகணும், இந்த வேகத்தில் போகணும்' என்ற விருப்பம். இரண்டாவது கூச்சம். யாராவது மிக அருகில் வந்தால் நாம் இயல்பாக விலகுவோம் இல்லையா, அது. மூன்றாவது உடம்பு. விலக இடமில்லாமல் உடம்போடு உடம்பு மோதினால் அமுக்கமும் உராய்வும் வருமே, அது. சுவர்களுக்கும் இதே விதிதான்.

மூன்றையும் கூட்டி, நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். இப்போதைய 10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே 'இயக்க விதிகள்'தான். அங்கே இருக்கும் நியூட்டனின் இரண்டாம் விதியைத் தாண்டி இதில் புதிதாக எதுவும் இல்லை. முடுக்கத்தை வைத்து வேகத்தை மாற்ற வேண்டும், புதிய வேகத்தை வைத்து இடத்தை மாற்ற வேண்டும், திரையில் வரைய வேண்டும். திரும்பவும் முதலிலிருந்து.

இதில் கவனிக்க வேண்டியது காலத்தை எத்தனை துண்டாக நறுக்குகிறோம் என்பது. ஒரு நொடியைப் பத்துத் துண்டாக நறுக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஒரே தாவலில் ஒரு வட்டம் இன்னொன்றின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அடுத்த தாவலில் அசுர விசை பிறந்து, ஆட்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு ராக்கெட்போலப் பறக்கிறார்கள். நொடியை ஆயிரமாக நறுக்கினால்தான் மனிதர்கள் மனிதர்களாக நடந்துகொள்கிறார்கள். 200 பேர் என்றால், ஒவ்வொரு துண்டுக்கும் 19,900 ஜோடிகளைச் சரிபார்க்க வேண்டும். அதனால் திரையில் ஒரு நொடி நகர, என் லேப்டாப் ஃபேன் சத்தத்தோடு பல நொடிகள் உழைக்கும். ஓடவிட்டுவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

அவசரமே அடைப்பு

முதல் தடவை ஓட்டியபோது எல்லோருக்கும் நிதானமான வேகம் கொடுத்தேன், நொடிக்கு 1 மீட்டர். புள்ளிகள் வாசல் முன் கூடி, பொறுமையாக வெளியே வழிந்தன. கொஞ்சம் கூட்டினேன், இன்னும் சீக்கிரம் முடிந்தது. ஆனால் 1.5 மீட்டரைத் தாண்டி, 3, 5 என்று ஏற்றியபோது காட்சி மாறியது. வாசலைச் சுற்றி அரைவட்டமாக ஒரு வளைவு உருவாகி, அப்படியே இறுகி நின்றுவிட்டது. யாருமே வெளியே வரவில்லை. பிறகு திடீரென்று உடைந்து நாலைந்து பேர் பிதுங்கி வந்தார்கள். மறுபடியும் வளைவு, மறுபடியும் அடைப்பு. ஹெல்பிங் குழு இதை 'வேகம் கூடினால் தாமதம்' என்று அழைக்கிறது.

மாவு மில்லில் இதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கொட்டிய அரிசி, கீழே சின்ன வாய்க்கு வந்ததும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நின்றுவிடும். மில்காரர் தகரத்தில் ஓங்கித் தட்டுவார், சரசரவென்று இறங்கும். அரிசிக்கு மேலிருந்து அழுத்தம் கொடுத்தால் இறங்காது, இன்னும்தான் இறுகும். மனிதக் கூட்டத்தைத் தட்டிவிட யாரும் இல்லை.

என் ப்ரோகிராமில் ஒரு வட்டத்தின் மீது அழுத்தம் ஏற ஏற அது சிவப்பாக மாறும்படி வைத்திருந்தேன். பின்வரிசையில் இருந்தவை கடைசிவரை வெள்ளையாகவே இருந்தன. அவற்றுக்கு எந்த வலியும் இல்லை. 'கொஞ்சம் இடம் இருக்கே' என்று அரை அடி முன்னே வைக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் எல்லோருடைய அரை அடியும் கூடி, முன்னால் நிற்கிறவரின் நெஞ்சில் போய் இறங்குகிறது. பின்னால் இருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

கூட்ட ஆபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின், ஒரு சதுர மீட்டரில் சுமார் 7 பேர் வந்துவிட்டால் கூட்டம் திரவம்போல ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறார். அப்போது தனி மனிதரின் விருப்பத்துக்கு அங்கே வேலை இல்லை. அலை ஒன்று வந்தால் ஆட்கள் செருப்பைவிட்டுக் கிளம்பி, 3 மீட்டருக்கு மேல்கூடத் தள்ளப்படலாம். விபத்து நடந்த இடங்களில் வளைந்து கிடந்த இரும்புத் தடுப்புகளை வைத்து, 4,500 நியூட்டனுக்கும் மேற்பட்ட விசை உருவானதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுமார் 450 கிலோ எடை. அந்த நிலையில் பெரும்பாலும் மரணம் மிதிபட்டு நேர்வதில்லை. மூச்சை இழுக்க நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சுத்திணறிப் போய்விடுகிறார்கள்.

2022-ல் தென்கொரியத் தலைநகர் சோலில், இடேவொன் பகுதியில் 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது சுமார் 4 மீட்டர் அகலமே உள்ள ஒரு சரிவான சந்தில். அங்கே தீ விபத்து இல்லை, குண்டுவெடிப்பு இல்லை. இடத்துக்கு மீறிய ஆட்கள், அவ்வளவுதான்.

30 கிலோ பிடி

இனி என் கேள்விக்கு வந்தேன். 200 வட்டங்களில் இரண்டைத் தனியாக எடுத்தேன். பச்சை, 40 கிலோ. மஞ்சள், அளவில் சின்னது, 25 கிலோ. மற்றவர்களுக்கு 60 கிலோ வைத்திருந்தேன். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் வைத்தேன். அதுதான் கை. 300 நியூட்டன் வரை தாங்கும், அதற்கு மேல் அறுந்துவிடும் என்று விதி எழுதினேன். கிட்டத்தட்ட 30 கிலோ மூட்டையை ஒரு கையில் தொங்கவிடும் பலம். 14 வயதுப் பெண்ணுக்கு அது தாராளம்தான்.

எல்லோரையும் அறைக்குள் வெவ்வேறு இடங்களில் மாற்றி மாற்றி நிறுத்தி, அவசர வேகத்தில் 20 முறை ஓட்டினேன். 17 முறை பிடி அறுந்தது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வாசல் பக்கம் வளைவு இறுகும்போது இரண்டும் ஒட்டியே இருக்கும். வளைவு உடையும் கணத்தில் பச்சை ஒரு பக்கமும் மஞ்சள் வேறு பக்கமும் இழுத்துச் செல்லப்படும்.

பிடி தாங்கியது மூன்றே முறை. அந்த மூன்றிலும் அவை இரண்டும் ஆரம்பத்திலேயே கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தன.

இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். வட்டங்கள் கீழே விழுவதில்லை, அழுவதில்லை, "தங்கச்சி" என்று கூப்பிடுவதில்லை. அந்த ஊரின் அந்த வழி எவ்வளவு அகலம் என்பதும் இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் பச்சைப் புள்ளி எவ்வளவு இறுக்கிப் பிடித்தது என்பதைவிட, அது எங்கே நிறுத்தப்பட்டது என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. இதை மட்டும் 20 முறையும் கண்ணால் பார்த்தேன்.

"இன்னும் இறுக்கமா புடிச்சிருந்தா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். முதலில் ஏதோ கேம் என்று நினைத்தார்.

"இந்தப் பச்சை யாரு?"

"நீதான்மா."

அதற்கு மேல் நான் விளக்கவில்லை. மஞ்சள் யார் என்று அவர் கேட்கவும் இல்லை. ஓடவிட்டேன். அறுந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடு."

அறுந்தது.

"இன்னும் இறுக்கமா புடிச்சிருந்தா?"

அந்தக் கேள்வியை அவர் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவருடைய குரலிலேயே தெரிந்தது. 300-ஐ 600 ஆக்கினேன். வளர்ந்த ஆணின் பிடியைவிட அதிகம். ஓட்டினேன். கொஞ்சம் தாமதமாக அறுந்தது. 800 ஆக்கினேன். அதுவும் போனது. அம்மா மௌனமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை நீட்டி, மேலே வெள்ளையாக நின்றிருந்த கடைசி வரிசையைத் தொட்டார்.

"இவங்களுக்கு முன்னாடி நடக்குறது ஒண்ணுமே தெரியல, இல்ல?"

"தெரியாதும்மா."

"வெளிய போக ஒரு வழிதான் இருந்துச்சு பாப்பா. இன்னொரு பக்கம் கட்டை கட்டி அடைச்சிருந்தாங்க." இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கையை விட்டது யார் என்று மட்டும்தான் வீட்டில் பேச்சு.

எழுந்து சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் சித்திக்கு அவரே போன் செய்தார். ஸ்பீக்கரில்தான் பேசினார்கள். சித்தி டெய்லரிங் கடை வைத்திருக்கிறார், தையல் மெஷின் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா புள்ளிகளைப் பற்றிச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும், மெஷின் நின்றது.

"எனக்குக் கை ஞாபகமே இல்லக்கா. செருப்புதான் ஞாபகம் இருக்கு. புதுச் செருப்பு. காலோட நிக்கல, எங்கயோ போயிடுச்சு. அதுக்காக அம்மா அடிக்கும்னு அழுதேன்."

அம்மா சிரித்தார். அழவும் செய்தார் என்று நினைக்கிறேன். நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கலாம்

1992-ல் கும்பகோணம் மகாமகம், 2024-ல் 121 பேர் பலியான ஹத்ராஸ் என எங்கே இப்படி நடந்தாலும், செய்திகளில் ஒரு தொடர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'மக்கள் முண்டியடித்துக்கொண்டு ஓடியதில்…' என்று. 'நெரிசல்' என்ற நம் சொல் துல்லியமானது. நெரிபடுவதைத்தான் அது சொல்கிறது. ஆனால் 'முண்டியடித்து' என்று சேர்த்த உடனே, பழி இறந்தவர்கள் மேலேயே போய்விடுகிறது. எத்தனை வாசல் திறந்திருந்தது, வழியின் அகலம் என்ன, எத்தனை பேருக்கான இடம், யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்படுகின்றன.

எண்ணவும் கவனிக்கவும் இன்றைக்கு வழிகள் உண்டு. ஸ்பெயின் நாட்டின் பாம்ப்லோனா திருவிழாவில், சதுக்கத்தில் கூடும் ஆயிரக்கணக்கானவர்களை மேலிருந்து படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், 2025-ல் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டியதும், கூட்டம் மொத்தமாக, யாரும் தள்ளாமலேயே, சுமார் 18 நொடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வட்டமாக அசைய ஆரம்பிக்கிறது. கேமராவில் இந்த அசைவு தெரிந்தால், ஆபத்து வருவதற்கு முன்பே எச்சரிக்க முடியும் என்பது அவர்களின் நம்பிக்கை.

நம் அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. கூட்டத்துக்குள் நுழையும் முன் வெளியேறும் வழிகள் எத்தனை என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் அடுத்தவர் உடம்பு உங்கள் மேல் படுகிறது என்றால், அதுதான் கிளம்ப வேண்டிய நேரம். இறுகிவிட்டால், குத்துச்சண்டை வீரர்போல இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் மடித்து, மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ள வேண்டாம். அலை ஓயும் இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள், ஆனால் சுவரையும் தடுப்பையும் ஒட்டி நிற்காதீர்கள். செருப்போ செல்போனோ விழுந்தால் குனியவே குனியாதீர்கள். குழந்தை கூட இருந்தால், கையைப் பிடித்து நடத்தாமல் தூக்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் பொறுப்பில் கூட்டத்துக்குள் அனுப்பாதீர்கள்.

சித்தி ஊரில் அந்தத் திருவிழா இன்னும் நடக்கிறது. "வாக்கா, ஒரு தடவை வந்துட்டுப் போ" என்று சித்தி கூப்பிட்டிருக்கிறார். அம்மா முடிவு சொல்லவில்லை. "போறதா இருந்தா காலையிலயே போயிடணும், கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி" என்று நேற்று சொன்னார். கொஞ்சம் கழித்து, "இப்ப அங்க எத்தனை வழி வெச்சிருக்காங்கன்னு அவகிட்ட கேட்டு வை" என்றார்.